காகத்துக்கு வைத்த சோறு

இரண்டு வருசத்துக்கு முன், ஒரு புரட்டாதி மாதம், பிரான்சில் போர்டோ நகரத்துக்குப் பக்கத்தில் நடந்தது இது. நியூசிலாந்தின் ஒக்லாந்திலிருந்து ஐந்து பேர் போயிருந்தோம்.

நான். என் மனுசி. பென்ரோஸில் ஒரே வெயார்ஹவுஸில் என்னோடு இருபத்திரண்டு வருசமாக வேலை செய்யும் சிநேகிதன். அவனுடைய மனுசி. ஐந்தாவது ஆள் ஒரு மலேசியாக்காரர். எங்களுக்கு மேல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு எடுத்தவர். அவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. கதைக்கிறதும் குறைவு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிநேகிதனின் தங்கச்சி பாரிஸில் இருக்கிறாள். அவளுடைய மகளின் கலியாணத்துக்குத்தான் போனோம். இவ்வளவு தூரம் பிளேனில் வந்து, கலியாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உடனே திரும்புகிறதா என்று அண்ணே கேட்டார். வைன் செய்கிற ஊர் ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு கிழமை சும்மா இருப்போம் என்றார். அவரைத் தவிர எங்களில் ஒருவரும் வைன் குடிக்கிறதில்லை. ஆனால் சும்மா இருப்போம் என்று சொன்னது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நாங்கள் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை.

குசினியோடு ஒரு வீடு எடுத்தோம். சான்ட்ரிங்ஹாமில் வாங்கின மிளகாய்த்தூளும் சின்ன ரைஸ் குக்கரும் பெட்டிக்குள் வந்திருந்தன. காலையில் மெதுவாக எழும்புவோம். ட்ராமில் ஏறி ஆற்றங்கரைக்குப் போவோம். அங்கே ஒரு பெரிய வெளியில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டிருப்பார்கள். எதிரே இருக்கிற கட்டிடம் முழுக்க அதில் தலைகீழாகத் தெரியும். பெண்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார்கள். நாங்கள் கரையில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து பார்த்தோம்.

வியாழக்கிழமை அந்த வாங்கில் இருக்கும்போதுதான் சிநேகிதன் என் முழங்கையில் தட்டினான். ஒரு காகம். உண்மையான காகம். குப்பைத் தொட்டியின் மேல் நின்று எங்களைப் பார்த்தது. அவன் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் புரட்டாதிச் சனிக்கு விரதம் பிடிக்கிறவன். காலையில் வெறும் தேத்தண்ணி. மத்தியானம் சோறு சமைத்து, எள்ளெண்ணெய் விட்டு, முதலில் காகத்துக்கு வைப்பான். காகம் எடுத்த பிறகுதான் தான் சாப்பிடுவான். சனி பகவானின் வாகனம் காகம். அது சாப்பிட்டால் அவருக்குப் போய்ச் சேரும் என்பது கணக்கு. ஆனால் ஒக்லாந்தில் காகம் இல்லை. ஹென்டர்சனில் அவன் வீட்டு வேலியில் சோறு வைத்தால் மைனா வரும். மழை நாளில் கடற்காகம் வரும். கடற்காகம் என்றாலும் பெயரில் காகம் இருக்குத்தானே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவான். இருபது வருசத்துக்கு மேலாக இப்படித்தான். அந்த வருசம் அவனுக்கு ஏழரைச் சனி வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவனுக்கு நீரிழிவு. சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன் வயிற்றில் இன்சுலின் ஊசி போடுவான். வேலையில், ஸ்மோக்கோ என்கிற இடைவேளை நேரத்தில், எனக்கு முன்னால் இருந்துதான் போடுவான். நான் பத்திரிகை பார்ப்பேன். ஒரு நாளும் அதைப் பற்றி நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. எங்கள் இரண்டு பேரின் பழக்கம் அப்படி. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை அண்ணே வாடகை வானில் எங்களைத் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மணித்தியால ஓட்டம். சிநேகிதனின் மடியில் சோற்றுப் பார்சல். விடிய எழும்பித் தானே சமைத்தது. பாதி வழியில், இன்றைக்கு உண்மையான காகத்துக்கு வைக்கப் போகிறேன் என்றான்.

நான் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தேன்.

"ஏன் மச்சான், இவ்வளவு நாளும் மைனாவும் கடற்காகமும் திண்டது சனீஸ்வரனுக்குக் காணாதாமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணே ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். இங்கே இருக்கிற காக்கா பிரெஞ்சுக் காக்கா, வைன் ஊற்றினால்தான் வரும் என்றார். சிநேகிதனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பார்சலைப் பைக்குள் வைத்துவிட்டான்.

அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தோட்டம் பெரியது. மேடும் பள்ளமுமாய்க் கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசை வரிசையாகத் திராட்சை. பழம் பறிக்கிற காலம். ட்ராக்டர்கள் போய் வந்தபடி இருந்தன. பீப்பாய் வைத்திருக்கும் நிலவறையைக் காட்ட ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையெல்லாம் ஊதாக் கறை. அண்ணேயும் பெண்கள் இரண்டு பேரும் அவளோடு கீழே போனார்கள். விரத நாளில் அந்த மணம் வேண்டாம் என்று சிநேகிதன் மேலேயே நின்றான். எனக்கும் நிலத்துக்குக் கீழே போக விருப்பமில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் பங்கருக்குள் பதுங்கி இருந்தது போதும்.

நான் வானுக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். பன்னிரண்டு பத்து இருக்கும். அவன் சட்டையைத் தூக்கி ஊசி போட்டதைக் கண்டேன். பையிலிருந்து பார்சலை எடுத்ததைக் கண்டேன். வரிசைகளுக்கு நடுவே நடந்து போனதையும் கண்டேன். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. காலையில் பகிடி பண்ணினது மனதில் இருந்தது. அதனால் இன்னும் கேட்கவில்லை. கண்ணை மூடினேன். வேலை நாளில் ஒரு நாளும் பகலில் தூங்காதவன், அன்றைக்குத் தூங்கிவிட்டேன்.

அவனுடைய மனுசி கண்ணாடியில் தட்டித்தான் எழுப்பினாள்.

"அண்ணை, இவர் எங்கை?"

"அங்காலை நடந்து போனவன்."

"சாப்பிட்டவரே?"

"பார்சலோடை போனவன்."

"ஊசி?"

"போட்டவன்."

மணி ஒன்று. ஊசி போட்டு ஐம்பது நிமிடம். முதல் நாள் இரவுக்குப் பிறகு அவன் வயிற்றில் வெறும் தேத்தண்ணிதான். காகம் வராமல் சாப்பிட மாட்டான். அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். வீட்டில் என்றால் மைனாவுக்குக் காத்திருக்க ஐந்து நிமிடம். இங்கே காகத்தைத் தேடி அல்லவா போயிருக்கிறான்.

போன் அடித்துப் பார்த்தோம். அது வானுக்குள் சீட்டுக்குக் கீழே அடித்தது.

அண்ணே இன்னும் நம்பவில்லை.

"காக்கா தேடிப் போனாரா? சும்மா விளையாடாதீங்க லா."

என் மனுசி தோட்டத்துப் பெண்ணைக் கூப்பிட ஓடினாள்.

நான் வரிசைகள் பக்கம் ஓடினேன். வெயில் என் வழுக்கைத் தலையைச் சுட்டது. வெயார்ஹவுஸில் ஒரு பெட்டி காணாமல் போனால் எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது. கரையோடு ஓடி ஒவ்வொரு வரிசைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். ஆனால் எங்கள் வரிசைகளுக்கு நம்பர் இருக்கும். இங்கே இல்லை. எல்லாம் ஒரே மாதிரி. இலை நெஞ்சளவுக்கு நின்றது. ஒரு ஆள் விழுந்து கிடந்தால் அடுத்த வரிசையில் நின்றாலும் தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தேன். ட்ராக்டர் சத்தம் அதை விழுங்கிவிட்டது. நாற்பது வரை எண்ணினேன். பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. என் வேலையில் அப்படி ஒரு நாளும் தவறியதில்லை.

திரும்பி வந்தபோது முற்றத்தில் என் மனுசி அந்தக் கறைக் கைப் பெண்ணுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு எங்களுக்குத் தெரியாது. இங்கிலீஷ் அவளுக்கு அரைகுறை. ஆள் காணவில்லை, சீனி வருத்தம் என்பது வரைக்கும் விளங்கிவிட்டது. அவள் உடனே அம்புலன்சுக்குப் போன் பண்ணினாள். எங்கே போயிருப்பான் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. என் மனுசி ஒன்றும் யோசிக்கவில்லை. இரண்டு கையையும் செட்டை மாதிரி அடித்து, முற்றத்தின் நடுவில் நின்று கா, கா என்று கத்தினாள். பழம் பறிக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு சின்ன ட்ரக்கில் ஏற்றினாள். சிநேகிதனின் மனுசி பின்னால் ஏறினாள். கொட்டகைக்குப் பின்புறம், ஒரு சரிவைத் தாண்டி, பிழிந்த திராட்சைத் தோலையெல்லாம் மலை மாதிரிக் கொட்டியிருந்தார்கள். அங்கேதான் அந்த ஊர்க் காகமெல்லாம் வரும்.

அங்கே அவன் இருந்தான். ஒரு மரத்தடியில், கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு. உடம்பு முழுக்க வியர்வை. சட்டை ஒட்டிப்போயிருந்தது. முன்னால் ஒரு கல். கல்லில் ஒரு பிடி சோறு. குவியலின் மேல் ஏழெட்டுக் காகம் நின்று தோலைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒன்றும் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைக் கண்டதும் லொறி ஏற்றி முடிந்ததா என்று கேட்டான். பென்ரோஸில் நிற்கிறான் என்று நினைத்தான்.

அவன் மனுசி கைப்பையிலிருந்து சீனி பார்க்கிற மீற்றரை எடுத்து அவன் விரலில் குத்தினாள். ஒன்று தசம் ஒன்பது. எனக்கு அப்போது அந்த எண்ணின் கருத்துத் தெரியாது. நாலுக்குக் கீழே போனால் ஆபத்து, ஐந்து முதல் எட்டு வரை நல்லது என்று அவள் பிறகுதான் சொன்னாள்.

பிரெஞ்சுப் பெண் வரும்போதே ஒரு கூசாவில் அன்று காலை பிழிந்த திராட்சைச் சாறு கொண்டுவந்திருந்தாள். இன்னும் வைன் ஆகாதது. பாகு மாதிரி இனிப்பு. மனுசி அவன் வாயில் வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி வைத்தாள். கையால் தட்டிவிட்டான். சாறு அவள் சட்டையெல்லாம் ஊற்றுண்டது.

"காகம் இன்னும் எடுக்கேல்லை," என்றான். நாக்குத் தடித்திருந்தது.

அவள் கெஞ்சினாள். பிள்ளைகளின் பெயரைச் சொன்னாள். அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே கண் மேலே செருகத் தொடங்கியது.

நான் அவனுக்கு முன்னால் குந்தினேன். கல்லிலிருந்த சோற்றை அள்ளி என் வாயில் போட்டேன். எள்ளெண்ணெயும் பருப்பும். ஆறிப் போயிருந்தது. முழுவதையும் திண்டேன். கல்லைக் கையால் துடைத்துக் காட்டினேன்.

"காகம் திண்டிட்டுது, மச்சான். இனி நீ குடி."

அவன் என்னைக் கனநேரம் பார்த்தான். எனக்கு அது ஒரு மணித்தியாலம் மாதிரி இருந்தது. பிறகு வாயைத் திறந்தான்.

அரைக் கூசா குடித்தான். கால் மணித்தியாலத்தில் மூன்று தசம் ஆறு. அம்புலன்ஸ் வந்தபோது, யார் இவங்களைக் கூப்பிட்டது என்று கேட்கிற அளவுக்குத் தெளிந்துவிட்டான். அவர்கள் சோதித்துவிட்டு, பாணும் சீஸும் அவன் சாப்பிடும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றார்கள். அந்தப் பெண் பறிப்பு வேலையை விட்டுவிட்டுக் கடைசி வரை எங்களோடு நின்றாள். போகும்போது என் மனுசியைப் பார்த்து இரண்டு கையையும் செட்டை மாதிரி அடித்துக் காட்டினாள். அப்போதுதான் என் மனுசி அழுதாள்.

சிநேகிதனின் மனுசி என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மிச்ச நாளை அந்த வீட்டுக்குள்ளேயே கழித்தோம். அண்ணே வாங்கின வைன் போத்தல் திறக்காமல் கிடந்தது. திரும்பும்போது பிளேனில் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்துச் சீட். சிங்கப்பூரில் இறங்கும் நேரம் கேட்டான்.

"உண்மையைச் சொல்லு. காகம் வந்ததோ?"

"வந்தது."

"எப்பிடி இருந்தது?"

"கறுப்பு."

"வழுக்கைத் தலையோ?"

"ஓம்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு பெல்ட்டைப் போட்டான்.

அவன் விரதத்தை விடவில்லை. நான் விடச் சொல்லவும் இல்லை. இப்போது புரட்டாதிச் சனி என்றால், ஊசியைக் கையில் எடுக்க முதலே வேலியில் சோறு வைத்துவிடுகிறான். மைனா வந்தாலும் சரி, கடற்காகம் வந்தாலும் சரி, அது எடுத்த பிறகுதான் ஊசி. நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இருபது வருசம் கேட்காமல் இருந்ததை மரியாதை என்று நினைத்தவன், இப்போது புரட்டாதி இல்லாத சனிக்கிழமையிலும் பன்னிரண்டரைக்குப் போன் எடுத்துச் சாப்பிட்டியா என்று கேட்கிறேன். அவன் ஓம் என்று சொல்கிறதில்லை. மீற்றரைப் பார்த்து எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

போன சனிக்கிழமை, ஆறு தசம் எட்டு.