நர்ஸம்மாவிடம் சொன்ன பொய்

என் மகளுக்கு ஒன்றரை வயதில் போட வேண்டிய முத்தடுப்பூசியை நான் போடவில்லை. முந்தைய ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். இப்போதோ தீபாவளி சீசன். பட்டாசுக் கம்பெனியில் லீவு கேட்க முடியாது. வீடு தேடி வந்த நர்ஸம்மாவிடம், "எங்கம்மா ஊர்லயே போட்டாச்சுக்கா, அட்டையும் அங்கனதான் இருக்கு" என்று கூசாமல் சொன்னேன். அவர் நம்பிப் போய்விட்டார்.

அடுத்த மாதம் மகளுக்கு இருமல் வந்தது. சாதாரணச் சளி என்று நினைத்து, வழக்கம்போலப் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவளிடமும் ஊசி போட்டாச்சு என்றே சொல்லியிருந்தேன். செல்விக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சில நாட்களில் அந்தப் பச்சைப்பிள்ளை இருமி இருமி, முகம் நீலம் பாரித்து, மூச்சுக்குத் திணறியது. கக்குவான் இருமல் என்றார்கள் பெரியாஸ்பத்திரியில்; என் மகளுக்குப் போடாமல் விட்ட ஊசி தடுக்கிற அதே நோய். முதல் ஊசி போடும் வயதுகூட அவனுக்கு ஆகவில்லை.

பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு செல்வி அழுதாள். "ஒங்க மகளுக்கு ஊசி போட்டுட்டீக, பயமில்லக்கா. எம் பிள்ளைக்கு எங்கயிருந்து வந்துச்சோ?"

"போடலடி. பொய் சொன்னேன். எம் மககிட்ட இருந்துதான் வந்திருக்கும்."

அவள் என் கையை விட்டுவிட்டாள்.

குழந்தை பிழைத்துவிட்டான். என் மகளும் குணமானாள். விடுபட்ட ஊசியையும் போட்டுவிட்டேன். இப்போது அவன் தவழ்ந்து எங்கள் வாசல்வரை வருகிறான். தூக்கிக் கொஞ்ச ஆசைதான். செல்வி கொடுக்காமல் நானாகக் கை நீட்டுவதில்லை.