பிரேக் போட்டுவிட்டுப் பேசுபவள்

இடது காலால் ஒன்று, வலது காலால் ஒன்று. சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக்குகளையும் அழுத்தி, அது அசையவில்லை என்று ஒருமுறை குலுக்கிப் பார்த்த பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள். "இப்ப சொல்லுங்க ஐயா, பாஸ்போர்ட்டை எந்தப் பையில வச்சீங்க?" அதுவரை நாற்காலியில் இருப்பவர் எத்தனை முறை கேட்டாலும் பதில் வராது. ஓடுகிற சக்கரத்தோடு பேசினால் பேச்சும் உருண்டுவிடும் என்பது அவள் கட்சி. முக்கியமான எதையும் நின்றுதான் பேச வேண்டும்.

விமான நிலையத்தில் அவளுக்குக் கேப்டன் என்று பெயர். வைத்தவர், பயணிகள் விட்டுப்போகும் டிராலிகளைக் கோத்துத் தள்ளிக்கொண்டு போகிற அண்ணன். அவள் விமானத் துறையில் மூன்று வருடப் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்த நாளில் அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். "நான் எட்டாவது. நீ டிகிரி. எனக்கும் நாலு சக்கரம், உனக்கும் நாலு சக்கரம். அப்புறம் எதுக்கும்மா அவ்வளவு தூரம் சுத்தி வந்தே?" விளையாட்டாகத்தான் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே சிரிப்பு வரவில்லை. மறுநாளிலிருந்து, "வணக்கம் கேப்டன்."

வேலையில் அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது. சரிவில் ஏறும்போது முன்னோக்கித் தள்ளுவாள். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தான் பின்பக்கமாக நடந்து இறக்குவாள். இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்துவிடுவார். ஒருநாளைக்கு இருபது பேர். வீட்டுக்கு நடந்து வரும்போதும் அவள் முழங்கைகள் மடிந்து, இரண்டு கைகளும் இடுப்புக்கு முன்னால் எதையோ பிடித்தபடியே இருக்கும். அம்மா வாசலில் நின்று கேட்பாள்: "அங்கேயிருந்து எதைத் தள்ளிக்கிட்டு வர்றே? கையைத் தொங்கவிடு."

கல்லூரியில் ஒரு பொய் விமானம் இருந்தது. ஏதோ பழைய விமானத்திலிருந்து கழற்றி வந்த பன்னிரண்டு இருக்கைகள். ஜன்னலுக்கு வெளியே மேகம் அச்சடித்த தாள். அதற்குள் நின்று அவசர வழியைக் கையால் காட்டவும், எட்டுப் பல் தெரியச் சிரிக்கவும் மூன்று வருடம் பழகினார்கள். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வாசனைத் திரவியக் கடையில் மணிக்கட்டில் அடித்துக் காட்டுகிறாள். ஒருவன் உடற்பயிற்சிக் கூடத்தில் ரசீது போடுகிறான். ஒருவன் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். பொட்டலம் இருப்பது கல்லூரி கொடுத்த சக்கரப் பெட்டியில். 'டேக் ஆஃப்' என்று அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை.

இந்த வேலைக்கு நேர்காணல் செய்தவர் அவளுடைய பட்டச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "முதுகு வலி ஏதாவது உண்டா?"

சம்பளம் பதினெட்டாயிரம். படிப்புக் கடனுக்கு மாதத் தவணை பதினோராயிரம். வாங்கியது ஆறு லட்சம். படித்து முடிப்பதற்குள் வட்டி ஏறி ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிவிட்டு, போன வாரம் வங்கியில் பாக்கி எவ்வளவு என்று கேட்டாள். ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்றார்கள். அவள் மறுபடி கேட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். இருபத்து நாலு மாதம் நடந்து, புறப்பட்ட வாசலுக்கே வந்து நிற்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

சொந்தக்காரர்களிடம் அம்மா சொல்வது ஒரே வாக்கியம்: "ஏர்போர்ட்ல பயணிகள் சேவைப் பிரிவுல இருக்கா." பொய் இல்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

அந்த வாக்கியத்தை நம்பித்தான் நேற்று மதியம் தாய்மாமன் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சொந்த வேன். கூடவே பன்னிரண்டாவது முடித்த மகள். மாமா வாசலில் நிற்பதாகப் போன் வந்ததும், கேப்டன் காலி நாற்காலியை டிராலி அண்ணன் வழக்கமாக நிற்கும் தூணுக்குப் பின்னால் விட்டுவிட்டு, "பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லி, வெறுங்கையோடு வெளியே ஓடினாள்.

"என்ன பாப்பா, ஆபீசரம்மாவைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்கணுமா?" என்று மாமா சிரித்தார். வேன் ஓட்டுகிற காக்கிச் சட்டையை விட்டுவிட்டு, விசேஷ வீட்டுச் சட்டை போட்டு வந்திருந்தார். "விஷயம் இதுதான். இவளையும் நீ படிச்ச படிப்புலயே சேர்க்கிறேன். வேனைக் கேட்டு ஒருத்தன் நிக்கிறான், குடுத்துடறேன். பாதி அதுல வந்துடும். மீதிக்குப் பேங்க் இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள பணம் கட்டணும். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

"வேனைக் குடுத்துட்டு நீங்க என்ன மாமா ஓட்டுவீங்க?"

"எவன் வேனையாவது ஓட்டறது. அதை விடு. சேர்ந்தா இவளுக்கு என்ன சம்பளம் வரும்? உனக்கு எவ்வளவு வருது? மாமன்கிட்ட மறைக்காம சொல்லு."

அவள் கால்கள் இரண்டும் தரையில் எதையோ தேடின. அங்கே பிரேக் இல்லை.

"அப்பா, அதைக் காட்டுப்பா அக்காவுக்கு," என்றாள் மகள். மாமா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கல்லூரி விளம்பரத் தாளை எடுத்துப் பிரித்தார். "இதைப் பார்த்துத்தான் முடிவே பண்ணினோம். நம்ம குடும்பத்துப் புள்ள. ஊரெல்லாம் உன் முகம்தான்."

தாளில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நீலச் சீருடை, எட்டுப் பல். கீழே, 'பன்னாட்டு விமான நிலையத்தில் எங்கள் மாணவி'. அதற்கும் கீழே, 'நூறு சதவீத வேலைவாய்ப்பு'. போன வருடம் கல்லூரியின் வேலைவாய்ப்பு அதிகாரி எங்கேயோ பறக்க வந்தபோது, "சும்மா ஒரு ஞாபகத்துக்கும்மா" என்று எடுத்த படம். காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தாளில் நாற்காலியை அழித்திருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஒரு விமானத்தை ஒட்டியிருந்தார்கள். கைகளை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. இடுப்புக்கு முன்னால் இரண்டு கைகளும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

தலைக்கு மேல் ஏதோ விமானம் போனது.

"கை ஏன்க்கா இப்படி வச்சிருக்கீங்க? இது போஸா?" என்றாள் மகள்.

அப்போது பின்னாலிருந்து டிராலி அண்ணனின் குரல் வந்தது. "கேப்டன், இன்னைக்கு உனக்கு என்ன ஆச்சு? பிரேக் போடாம விட்டுட்டே. சரிவுல தானா உருண்டு போயிடுச்சு. நல்லவேளை, நான் புடிச்சேன்." நாற்காலியை அவள் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு வருடத்தில் அவள் பிரேக் போட மறந்தது இதுதான் முதல் தடவை.

மாமா நாற்காலியைப் பார்த்தார். அவள் கால்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "பாப்பா, உடம்புக்கு என்ன? உங்கம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எத்தனை நாளா நடக்க முடியல?"

டிராலி அண்ணனுக்கு விஷயம் பிடிபட ஒரு நிமிடம் ஆனது. பிடிபட்டதும் தலையைக் குனிந்துகொண்டு தன் தூணைப் பார்த்து நடந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா." மாமாவின் கையிலிருந்த தாளை எடுத்து அவர் மகளிடம் கொடுத்தாள். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். இரண்டு கைகளும் பிடிகளில் போய் உட்கார்ந்தன. தலையைச் சற்றே சாய்த்து, கன்னத்தை உயர்த்தி, எட்டுப் பல் தெரியச் சிரித்தாள். அந்தப் பெண் தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள், மறுபடி தூக்கினாள். மாமாவின் கை சட்டைப் பைக்குப் போய், வேன் சாவியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

கேப்டன் சிரிப்பை நிறுத்தினாள். இடது காலால் ஒன்று, வலது காலால் ஒன்று என்று பிரேக்குகளை அழுத்தினாள். நாற்காலியை ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள்.