ஒட்டுப்போர்வையில் போட்டுப் பார்த்த தையல்கள்

சட்டை தைத்துக் கொடுத்தால் அளவு சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுத்தால் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். ஊசி பிடித்த உங்களுக்கு இது தெரியாததா? சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, பாம்பன் கடைத்தெருவில் ஒரு தையல்கடையின் பின்னறையில் நானும் ஆமினாவும் வேலை பார்த்தோம். மிஞ்சும் வெட்டுத்துணிகளைக் கோணல்மாணலாகப் பழைய சேலைமேல் பரப்பி, ஒட்டுகளின் மேல் கலர் நூலில் பூவேலை செய்வோம். ஒரே தையல் சலித்துப்போய்ப் புதிது புதிதாகப் போட்டுப் பார்த்தோம். அங்கேதான் வினை.

மீன்முள்

நூலைக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டினால் மீன்முள் போலவே விழும் தையல் அது. கருவாட்டு வியாபாரம் செய்யும் செலினக்காவுக்குப் பிடிக்கும் என்று அவர் போர்வை முழுக்க அதையே போட்டேன். அக்கா விரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

“நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. விடிஞ்சதுலருந்து முள்ளுக்குள்ளதான் கெடக்கேன், படுக்கையிலயும் முள்ளா?”

முடிச்சுப் பூ

ஊசியில் நூலைச் சுற்றி இழுத்தால் மிளகு மாதிரி முடிச்சு விழும். பேறுகாலத்துக்கு உப்பூரிலிருந்து தாய்வீடு வந்திருந்த பெண்ணுக்கு, ஒட்டு நெடுக முடிச்சாகவே போட்டோம். எங்களுக்கே கண்பட்டுவிடும்போல அழகு. சில மாதம் கழித்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போர்வையோடு வந்து நின்றாள்.

“இதுல கவுத்துப் போட்டா பிள்ளை கன்னமெல்லாம் பதியுதுக்கா. எங்க மாமியா பாத்துட்டு, அம்மைன்னு வாசல்ல வேப்பிலை சொருகிட்டாக.”

ஆமினாவின் தையல்

ஒருநாள் ஆமினா ஊசியிலிருந்து பேரே இல்லாத ஒரு தையல் வந்தது. வலைக்கண்ணாகத் தொடங்கி, இலையாக விரிந்து, அடுத்த ஒட்டுக்குள் போய் மறையும். சொல்லித்தரக் கேட்டேன். கைக்கு நன்றாகப் படியட்டும் என்றாள். அந்தப் போர்வையைத் தங்கச்சிமடத்து ராயப்பன் தன் அம்மாவுக்கென்று வாங்கிப் போனார். அடுத்ததை ஆரம்பிக்கும் முன்பே, கொழும்பில் கடை வைத்திருந்த ஆமினாவின் புருஷன் அவளை அழைத்துப்போக வந்துவிட்டார்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறப் போகிறவளை வழியனுப்பப் பாம்பன் ஸ்டேஷனுக்குப் போனேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, காற்றில் தைத்துக் காட்டத் தொடங்கினாள். ரயில் நகர்ந்தது.

“மொதக் குத்து அடியிலருந்து வரணும்க்கா. மத்தத வந்து சொல்லித் தாரேன்.”

தங்கச்சிமடத்தில்

அவள் வரவில்லை. கப்பலில் வந்து போவதற்குச் சட்டதிட்டம் கூடிப்போனது. நான் ஞாபகத்திலிருந்து எத்தனையோ தரம் போட்டுப் பார்த்தேன். வலைக்கண் வரும், இலை விரியாது. அந்தப் போர்வையைப் பார்த்தால் நூல் போன தடம் பிடிபட்டுவிடும் என்று ராயப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் துக்கவீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. அம்மா இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எதுவும் கேட்காமல் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். அவரே என்ன விஷயமென்று கேட்டதால் தயங்கிச் சொன்னேன். ராயப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா அத விட்டுப் பிரிய மாட்டாக. மண்ணுக்குள்ள குளிருமேன்னு அதையே போத்தி அடக்கம் பண்ணிட்டோம்.”

அதன்பின் வந்தவர்களுக்கெல்லாம் சாதாரணச் சங்கிலித் தையலே போட்டுக் கொடுத்தேன். ஒருவர்கூடக் குறை சொல்ல வராததுதான் இன்றுவரை எனக்குள்ள குறை.