பாதி ஊதுபத்தி நேரம்

செய்தி கைப்பேசியில் வந்தது. டாக்டர் ஜமீலாவின் தம்பி, ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர், அனுப்பியிருந்தார். முன்பெல்லாம் எது வந்தாலும் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வேன். அன்று அவன் வேலைக்குப் போயிருந்தான். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். 'அக்கா இன்று காலை மௌத்தாகிவிட்டார்.' 'மௌ'வில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு புரிந்தது. நானே படித்த முதல் சாவுச் செய்தி அது. படித்துவிட்டேன் என்ற சந்தோஷமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இதை அவரிடம் சொல்லியிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். இதைப் படிக்கிற, அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

டிங்கிக் காய்ச்சலை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் சோதனை அட்டை ஒன்றை ஈப்போ ஆய்வுக்கூடத்தில் அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். அதைப் பரீட்சித்துப் பார்க்க, சிலிம் ரிவருக்கு உள்ளே இருக்கும் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். இப்போது அங்கே எண்ணெய்க்கான செம்பனை. தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய லயத்து வீடுகளில் நாங்கள் சிலர் மட்டும் இருக்கிறோம். வந்ததும் அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ரப்பர் பால் பிடித்த பழைய மங்குகளில் நாங்கள் பூச்செடி வைத்திருந்ததைத்தான் பார்த்தார். தேங்கிய தண்ணீரை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தார். "மரத்துக்குப் பால் நின்னுபோச்சு, கொசுவுக்கு இன்னும் ஊத்திக்கிட்டு இருக்கீங்களாண்ணே?" என்றார். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் ஒரு மங்கும் நிமிர்ந்து இருந்ததில்லை.

காய்ச்சல் கண்டவரின் விரலைக் குத்தி, அட்டையில் ஒரு சொட்டு ரத்தமும் மேலே மருந்துநீரும் விட வேண்டும். அதே ஆளின் ரத்தத்தைத் தாதி ஆய்வுக்கூடத்துக்கும் எடுத்துப் போவார். இரண்டும் ஒத்துவர வேண்டும். என்ன செய்வது என்பதை டாக்டர் பாட்டு மாதிரி சொல்லித் தந்தார். "ஒரு கோடுன்னா கஞ்சி, ரெண்டு கோடுன்னா வண்டி, கோடே இல்லன்னா எனக்குப் போன்." ஒரு கோடு வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் அதற்கும் வண்டிதான் என்று சேர்த்துக்கொள்வார். கிளினிக்குக்குத்தான் வண்டி.

மற்ற இடங்களில் ஒத்துவந்தது. எங்கள் லயத்தில் மட்டும் காய்ச்சல் வந்த எல்லாருக்கும் இரண்டு கோடு. ஆய்வுக்கூடமோ டிங்கி இல்லை என்றது. இப்படியே போனால் அட்டையை நம்ப முடியாது, வேலையை நிறுத்திவிடலாம் என்று மேலே இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பல வருட உழைப்பு. டாக்டர் மறைக்காமல் என்னிடமே சொன்னார். "எதுவோ பொய் சொல்லுதுண்ணே. அட்டையான்னு பாக்கணும். அட்டைன்னா நானே தூக்கிப் போட்டுடுவேன்."

அன்று என் மனைவி அஞ்சலைக்குக் காய்ச்சல். வழக்கமாகச் செய்கிற மாதிரியே செய்யுங்கள், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றார் டாக்டர். அஞ்சலையின் விரலைக் குத்தினேன். ரத்தத்தையும் மருந்துநீரையும் விட்டேன். அட்டையைக் கொண்டுபோய்ச் சாமி மேடையில் வைத்து, ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனேன். எங்கள் லயத்தில் எல்லாரும் அப்படித்தான். நல்ல சேதி வரவேண்டியது எதுவானாலும், நம்பர் சீட்டோ பிள்ளைகளின் பரீட்சை முடிவோ, முதலில் சாமியிடம் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்துப் பார்ப்பது மரியாதை இல்லை.

கோழிகளோடு பேசிவிட்டு, பக்கத்து வீட்டில் காப்பியும் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். இரண்டு கோடு. வண்டிக்குச் சொல்லக் கிளம்பினேன். டாக்டர் நாற்காலியில் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணிக்கு ஒண்ணும் இல்லண்ணே. நேரத்துக்கு நான் பாத்தப்ப ஒரு கோடுதான். காஞ்சு போனப்பறம் சும்மா இன்னொரு கோடு வந்திருக்கு. அட்டையும் பொய் சொல்லல, நீங்களும் பொய் சொல்லல. சாமிகிட்ட குடுத்துட்டு நீங்க கோழி பாக்கப் போயிட்டீங்க."

"கட்டுன நாளா இப்படித்தான்லா டாக்டர்," என்றாள் அஞ்சலை, போர்வைக்குள்ளிருந்து.

சாமி மேடையில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாம் என்றார் கூட வந்த தாதி. ஐந்து வேளையும் தொழுகிற டாக்டர் அதற்கு ஒப்பவில்லை. "வைக்காதீங்கன்னு சொல்ற வேல எனக்கு வேணாம். வைங்க. ஆனா பக்கத்துலயே ஒக்காருங்க. ஊதுபத்தி பாதி எரிஞ்சதும் பாருங்க. அதுக்கு மேல சாமியே காட்டினாலும் பாக்காதீங்க." ஈப்போவுக்குப் போய் ஊதுபத்தி கொளுத்திக் கடிகாரத்தோடு சரிபார்த்தாராம். ஆய்வுக்கூடம் முழுக்கச் சாம்பிராணி வாசம் என்று அவருடைய தம்பி சொன்னார். பிறகு எங்கள் லயத்து முடிவுகள் ஒத்துவந்தன. அட்டை பிழைத்தது.

சோதனை அட்டைகள் போட்டு விற்கும் பெட்டி அச்சாகி வந்தபோது முதல் பெட்டியை எனக்கே கொண்டுவந்தார். உள்ளே படம் போட்ட தாள். வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமாக ஒரு கிழவன் அட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அது நான். "காய்ச்சல் வந்தா எல்லாரும் ஒங்க மொகத்துலதான் முழிக்கணும்," என்றார். கீழே இருந்த எழுத்து அன்று எனக்கு வெறும் கோடுகள். என்ன என்று கேட்கவில்லை. என் படத்துக்குக் கீழே இருப்பதை நானே படிக்க ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் சேர்ந்தேன்.

போன மாதம் படித்துவிட்டேன். போன் செய்து சொன்னேன். அவர் அப்போது படுக்கையில் இருந்தார் என்பதை என்னிடம் சொல்லவே இல்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். தப்பில்லாமல் வந்தது.

அந்தத் தாள் இப்போது எங்கள் சாமி மேடையில் இருக்கிறது. இதை எழுத நான்கு நாளாகிறது. ஓர் எழுத்து வர மறுத்தால் எழுந்து போகாமல் அந்தத் தாளைப் பார்த்துக்கொள்கிறேன். 'பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்' என்கிறது என் படத்துக்குக் கீழே உள்ள எழுத்து. உட்கார்ந்திருக்கிறேன் டாக்டர்.