ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை

போன சனிக்கிழமை நுவரெலியா ஏரிக்கரையில் நின்றுகொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை தண்ணீரைப் பார்த்துத் தமிழில் கத்தினார்.

"திரும்பு... டேய், திரும்பு!"

திரும்ப வேண்டியது ஓர் ஆள் அல்ல. இரண்டரை அடி நீளமுள்ள பொம்மைப் பந்தயப் படகு. சிவப்புப் பெயின்ட், சின்ன எஞ்சின், உள்ளே ரேடியோ. சீமையிலிருந்து பார்சலில் வந்தது. அதற்குத் தமிழ் புரியுமா? புரியாதுதான். ஆனால் துரையைக் குற்றம் சொல்ல முடியாது. பதினைந்து வருஷமாக இந்த மலையில் அவர் 'வா', 'போ', 'நில்லு', 'திரும்பு' என்று தமிழில் சொன்னால் எல்லாம் நடந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்த தமிழும் அவ்வளவுதான்.

(துரைக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். பேக்டரியில் தேயிலை பதப்படுத்தும் டீ மேக்கர் வைத்திலிங்கம் ஐயாவுக்கு வரும். அவர் பேச்சு வருகிற இடங்களில் மட்டும் கொஞ்சம் பயபக்தியோடு எழுதியிருப்பேன். கண்டுகொள்ளாதீர்கள்.)

படகு திரும்பாவிட்டால் உனக்கென்ன என்று கேட்பீர்கள். எனக்குத்தான் எல்லாம்!

பத்திரிகையில் என்னுடைய இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு, என் மனைவி மரகதம் தலைப்பிரசவத்துக்காகக் கந்தப்பளையில் தாய்வீட்டுக்குப் போனது தெரியும். அவள் போனபிறகு நானே வைத்த ரசத்தைப் பற்றி இரண்டு வாரம் எழுதிப் புலம்பினேன் அல்லவா? அந்த ரசத்தை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் தந்தி வந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

உடனே லீவுக் கடுதாசி எழுதிக்கொண்டு ஓடினேன். நான்கு நாள் கேட்டிருந்தேன். துரை வாசித்தார், சிரித்தார், கை கொடுத்தார். பிறகு கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"போட் முடி. அப்புறம் போ" என்றார்.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா ஏரியில் துரைமார் சிலர் தங்களுக்குள் பொம்மைப் படகுப் பந்தயம் வைத்திருந்தார்கள். அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரைக்கும் என் மகள் கந்தப்பளையில், நான் அட்டனுக்குப் பக்கத்தில், கடுதாசி துரையின் பையில்.

தோட்டத்தில் இத்தனை பேர் இருக்க, படகு ஏன் என் தலையில் விழுந்தது? நான் பேக்டரி ஆபீசில் சாதாரணக் கிளாக்கர். போன வருஷம் பங்களா ரேடியோ பாடாமல் போனபோது, பின்பக்கம் எலி கடித்திருந்த ஒரு வயரை முறுக்கிவிட்டேன். பாடிவிட்டது. அன்றிலிருந்து துரைக்கு நான் ரேடியோ நிபுணன். மறுத்துச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. புகழ் யாருக்குத்தான் பிடிக்காது?

விஷயம் சுலபம்தான். கரையில் நிற்பவர் கையில் ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் ரேடியோ அலை புறப்பட்டுப் போகும். படகுக்குள் இருக்கும் ரிசீவர் அதைப் பிடித்ததும், முறுக்கி வைத்த ஒரு ரப்பர் பேண்ட் கொஞ்சம் அவிழ்ந்து சுக்கானைத் திருப்பும். ஒருமுறை அழுத்தினால் வலது, அடுத்தமுறை இடது, கையை எடுத்தால் நேர். எஞ்சினை மட்டும் கரையிலிருந்து நிறுத்த முடியாது. எண்ணெய் தீரும்வரை ஓடும்.

அந்த எண்ணெயில்தான் வினை. அதில் பாதிக்குப் பாதி ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும். எஞ்சின் ஓடினால் புகையோடு சேர்ந்து விளக்கெண்ணெயும் சாரலாக வெளியே வரும். ரேடியோவுக்குத் தண்ணீர் ஆகாது. விளக்கெண்ணெயும் ஆகாது. இரண்டரை அடிப் படகுக்குள் இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் குடித்தனம் வைக்க வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இதில் துரைக்கு ஓர் ஆசை. நிஜப் பந்தயப் படகு போலப் புகைக்குழாய் பின்பக்கமாக வர வேண்டும். சரி என்று ஒரு செப்புக் குழாயை வளைத்து, எஞ்சினிலிருந்து பின்பக்கம்வரை இழுத்தேன். வழியில் இருந்தது ரேடியோ. அதன் தோளை உரசிக்கொண்டு குழாய் போயிற்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பங்களா மீன்தொட்டியில் வெள்ளோட்டம். முதல் நிமிஷம் படகு சொன்னபடி கேட்டது. துரை குழந்தை மாதிரி சிரித்தார். இரண்டாம் நிமிஷம் குழாய் மூட்டில் எண்ணெய் கசிந்து ரப்பர் பேண்டில் சொட்டியது. ரப்பர் பேண்ட் ஊறிப்போன சேமியா போலத் தொளதொளத்துவிட்டது. படகு நேரே போய்த் துரைசாணியின் தாமரையை அறுத்துக்கொண்டு நின்றது. துரை தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் ஆபீஸ் மேசையிலேயே படகை வைத்து, குழாய் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க எஞ்சினை ஓட்டினேன். அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. எங்கள் ஆபீசுக்கு நேர் மேல்மாடியில்தான் கொழுந்து காயப் போட்டிருக்கும். தேயிலை எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டு வருகிறவனையே வைத்திலிங்கம் ஐயா முறைத்துப் பார்ப்பார். விளக்கெண்ணெய்ப் புகைக்கு விடுவாரா?

படி இறங்கி வந்தவர் கத்தவில்லை. மூக்கை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கொழும்புல இந்த டீயக் குடிச்சுப் பாக்கறவன், நீ டீ அனுப்புனியா, பேதி மருந்து அனுப்புனியான்னு என்னையத்தான் கேப்பான்" என்றார்.

நான் நிலைமையைச் சொன்னேன். மகள், கந்தப்பளை, துரையின் பை எல்லாவற்றையும் சொன்னேன். ஐயாவின் முகம் இளகியது. படகைக் குனிந்து பார்த்தார். பிறகு, வெளியே இருப்பது உள்ளே போகக்கூடாது, அவ்வளவுதானே என்று கேட்டார். முப்பது வருஷமாக அவர் செய்கிற வேலையே அதுதான் என்றும் சொன்னார்.

அது உண்மை. எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெட்டி கப்பலில் கடலைத் தாண்டிப் போகும். உள்ளே ஈயத்தாள், அதற்குள் மெல்லிய கடுதாசி, மூலைக்கு மூலை தகரம். ஐயா கட்டிய பெட்டி நமுத்துப்போனதாகப் பேச்சே கிடையாது.

ஆக, ரேடியோவைத் தேயிலை போலப் பேக் பண்ணினோம். முதலில் புகைக்குழாயைக் குட்டையாக வெட்டிப் பக்கவாட்டில் வெளியே விட்டேன். பின்னாலிருந்து புகை வராது என்று துரைக்குச் சொல்லும் பொறுப்பை ஐயா ஏற்றுக்கொண்டார். ரேடியோவையும் ரப்பர் பேண்டையும் முன்பக்கம் நகர்த்தி, அவற்றுக்கென்று ஐயா ஒரு குட்டிப் பலகைப் பெட்டி செய்தார். உள்ளே சுற்றிலும் இரண்டு மடிப்பு ஈயத்தாள். மூடிக்கும் ஈயத்தாள். சுக்கானுக்குப் போகும் கம்பி நுழைகிற துவாரத்தில் மெழுகு. பார்க்கப் பார்க்க எனக்கே அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மிச்சம் இருந்தது ஏரியல். ரிசீவரிலிருந்து வரும், அலையைப் பிடிக்கிற ஒரு முழ வயர். படகோடு வந்த காகிதத்தில், இது படகுக்கு வெளியே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று போட்டிருந்தது. நான் படித்தேன். ஐயாவிடமும் சொன்னேன்.

"அதுக்கு ஒரு ஓட்டை போடணுமே தம்பி. ஓட்டை வழியா மொதல்ல வர்றது ஈரந்தான்" என்றார் ஐயா.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பங்களாவில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும்போதும் ரேடியோ பாடுகிறதே, பலகையைத் தாண்டி அலை வராதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், மனம் அப்போதே கந்தப்பளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஐயா ஏரியலை அழகாகச் சுருட்டி, உள்ளே வைத்து, மூடிக்கு ஆணி அறைந்தார். ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கட்டிய பெட்டியைத் திறக்கிற பழக்கம் இல்லை என்றார். புதுப் பெயின்ட்டில் கீறல் விழும் என்று துரையும் வேண்டாம் என்றுவிட்டார்.

சனிக்கிழமை காலை துரையின் காரில் புறப்பட்டோம். முன்னால் துரையும் துரைசாணியும். பின்னால் ஐயாவும் நானும். படகு என் மடியில். பத்து நாள் பிள்ளை இருக்க வேண்டிய மடி! சிவப்புப் பெயின்ட்டைத் தடவிக்கொண்டே போனேன்.

மூன்று படகுகள். இரண்டு கொடிகளைச் சுற்றிக்கொண்டு முதலில் திரும்பி வருவது ஜெயிக்கும். பக்கத்துத் தோட்டத்துத் துரையின் பச்சைப் படகு முதல் கொடிக்கு முன்பே வட்டம் போட ஆரம்பித்தது. அது ரப்பர் பேண்ட் வியாதி என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஒரு டாக்டரின் மஞ்சள் படகு இருமிவிட்டு நின்றுபோனது. எங்கள் சிவப்பு மட்டும் சீறிக்கொண்டு போயிற்று. கரையில் கை தட்டினார்கள். துரைசாணி தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

முதல் கொடி வந்தது. துரை பொத்தானை அழுத்தினார்.

படகு நேரே போனது.

மறுபடி அழுத்தினார். நேரே. பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி அழுத்தினார். மண்டியிட்டு அழுத்தினார். இங்கிலீஷில் ஏதோ சொன்னார், அது இந்தப் பத்திரிகையில் அச்சாகாது. கடைசியில்தான் தமிழுக்கு வந்தார். "திரும்பு... டேய், திரும்பு!"

அது எதையும் காதில் வாங்கவில்லை. கொடியைத் தாண்டியது, ஏரியைத் தாண்டியது. எதிர்க்கரையில் ஒருவர் வாடகை மட்டக்குதிரைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். படகு ஒரு குதிரையின் நாலு காலுக்கும் நடுவில் புகுந்து புல்லில் ஏறியது. குதிரை சோப்பு நுரையோடு பிக்னிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. அங்கே யாருடைய கேக்கோ போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் குதிரைக்காரர் படகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்து சேர்ந்தார். முட்டிவரை நனைந்திருந்தார். "மே காகெத?" என்று சிங்களத்தில் கேட்டார். இது யாருடையது?

அத்தனை துரைமார், துரைசாணிமார் முன்னால் எங்கள் துரை திடீரென்று மேகங்களை ஆராய ஆரம்பித்தார். காது மட்டும் சிவந்திருந்தது. கையிலிருந்த பெட்டி மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. அந்த முதுகைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஏரியலைச் சுருட்டி வைத்தபோது பார்த்துக்கொண்டு நின்றவன் நான்தானே?

"மகே" என்றேன். என்னுடையது.

எல்லோரும் சிரித்தார்கள். குதிரைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, படகை என் கையில் திணித்தார். கிளாக்கருக்கு இந்த வயதில் பொம்மையா என்று அவர் நினைத்திருக்கலாம். குதிரையிடம் மன்னிப்புக் கேட்கவா என்று சிங்களத்தில் கேட்டேன். அவரும் சிரித்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் ஒரு மரத்தடியில் வைத்து ஐயா பெட்டியைத் திறந்தார். உள்ளே விரலைவிட்டுத் தடவினார். முகம் மலர்ந்தது.

"பாத்துக்கங்க. ஒரு சொட்டுக்கூட உள்ள போகல."

உண்மைதான். எண்ணெய் இல்லை, ஈரம் இல்லை. ரப்பர் பேண்ட் முறுக்குக் குலையாமல் இருந்தது. துரை எரிச்சலோடு பொத்தானை அழுத்தினார். 'டக்' என்று சுக்கான் திரும்பியது! துரை மூடியை மூடச் சொன்னார். அழுத்தினார். ஒன்றுமில்லை. திறக்கச் சொன்னார். டக். மூடினால் இல்லை, திறந்தால் டக். ஈயத்தாள் ஈரத்தை விடவில்லை, எண்ணெயை விடவில்லை, ரேடியோ அலையையும் விடவில்லை. தேயிலைக்கு ஏரியல் கிடையாது என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

இனி மறைத்து என்ன பயன்? வயரை வெளியே விட வேண்டும் என்று காகிதத்தில் இருந்ததையும், நான் படித்ததையும், சும்மா இருந்ததையும் துரையிடம் ஒப்புக்கொண்டேன். என் லீவு அந்த ஏரியிலேயே முழுகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

துரை இன்னும் இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டைப் பையிலிருந்து என் கடுதாசியை எடுத்தார். பத்து நாளில் அது விளக்கெண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. நாலு என்பதை அடித்து ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"போ" என்றார்.

எத்தனையோ வருஷமாக அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கிறேன். அது இவ்வளவு நல்ல வார்த்தை என்று அன்றுதான் தெரிந்தது.

மத்தியான பஸ்ஸிலேயே கந்தப்பளை போய்ச் சேர்ந்தேன். மரகதம் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் துணி திணித்து வைத்திருந்தாள். கட்டிலில் ஒரு மூட்டை. பிளனல் துணி, அதன்மேல் கம்பளி, அதன்மேல் சால்வை, தலையில் காதை மூடிய கம்பளித் தொப்பி. மூட்டையில் ஒரு குட்டி மூக்கு மட்டும் தெரிந்தது.

"பாத்தீங்களாங்க, ஒரு துளிக் குளிரு உள்ள போகாது" என்றாள் பெருமையாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு "பாப்பா" என்று கூப்பிட்டேன். அசைவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். ம்ஹூம். மெதுவாகத் தொப்பியை அரை அங்குலம் மேலே தள்ளி, ஒரு காதை மட்டும் வெளியே எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

கண் திறந்தது. என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, இதில் வேடிக்கையாக எழுத ஒன்றுமில்லை. அடுத்த கணம் அவளும் முகத்தைச் சுருக்கி, லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி வீறிட ஆரம்பித்தாள்.

"ஐயோ, புள்ளைய என்னங்க செஞ்சீங்க?" என்றாள் மரகதம்.

"ஏரியலை வெளிய எடுத்துவிட்டேன்" என்றேன்.