ஓரகத்தி வீட்டு ஒல்லி இலைச் செடி

எனக்கு எழுபத்திரண்டு வயசு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ரெண்டு என் ஓரகத்தி பெற்றது. ஓரகத்தி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. அவள் ஓசூர் கம்பெனிக்கு பஸ் ஏறிப் போய்வந்த பத்து வருஷமும் அவள் பிள்ளைகளுக்குத் தலை வாரி, சோறு போட்டு, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவளைப் பற்றிக் கொஞ்சம் பொல்லாததாகச் சொல்லப் போகிறேன். என்னைப் பற்றியும்தான்.

கெலமங்கலம் ரோட்டில் எங்களுக்கு ஒரே மனையில் ரெண்டு வீடு. நடுவில் இடுப்பளவு சுவர். என் கை ராசியான கை என்று தெருவே சொல்லும். செவந்தியோ ரோஜாவோ, நாற்று வேண்டுமென்றால் என் வாசலுக்குத்தான் வருவார்கள். ஓரகத்தி வைத்தால் கற்றாழைகூட அழுகிப்போகும். முப்பது வருஷமாக இப்படித்தான் இருந்தது. எனக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

போன ஆனி மாசம் அவள் வீட்டுப் பின்னால் வாடகைக்கு இருந்த கம்பெனிக்காரர் ஒருவர் காலி செய்துகொண்டு போனார். போகும்போது பெயிண்ட் டப்பாவில் முழ உயரச் செடி ஒன்றை விட்டுவிட்டுப் போனார். தூக்கிப் போட மனசில்லாமல் ஓரகத்தி அதைப் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம்மில் மாற்றி வைத்தாள். சாகும் என்றுதான் நினைத்தேன். அது என்னடாவென்றால், நேற்றுப் பார்த்த உயரம் இன்றைக்கு இல்லை. ஆவணி பிறந்தபோது சுவரைத் தாண்டிவிட்டது. கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி விட்டு விறுவிறு என்று ஏறியது. ஒவ்வொரு இலையும் விரித்த கை மாதிரி. ஏழு விரல், சிலதில் ஒன்பது. விரல்கள் ஒல்லி, ஓரமெல்லாம் ரம்பப் பல். கசக்கினால் எலுமிச்சைத் தோல் வாசனை அடிக்கும்.

"சீமைச் செண்டுமல்லி அக்கா. பூத்தா ஒவ்வொண்ணும் தட்டு அகலம் இருக்குமாம்" என்றாள் ஓரகத்தி. யார் சொன்னது என்று கேட்டால் செம்பை எடுத்துக்கொண்டு டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். அது கஞ்சா என்று பின்னால்தான் தெரிந்தது. எங்கள் ரெண்டு பேருக்கும் கஞ்சா என்றால் பொட்டலத்தில் இருக்கிற காய்ந்த தூள். உயிரோடு செடியாக யார் பார்த்தது?

தெருப் பெண்கள் என் வாசலைத் தாண்டி அவள் வீட்டுக் கொல்லைக்குப் போக ஆரம்பித்தார்கள். என் செவந்தியை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு கெளை ஒடிச்சுக் குடேன்."

"கைராசிக்காரங்களுக்கு என் செடி எதுக்குக்கா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் திருடினேன். அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் சுவருக்கு மேல் கையை நீட்டி, கீழிருந்து மூன்றாவது கிளையைச் சாய்வாக அறுத்தேன். ரோஜாப் பதியனுக்குச் செய்வது போலவே நுனியில் சாணி அப்பி நட்டு, உடைந்த பானையால் மூடி வைத்தேன். இருபது நாளில் துளிர் விட்டது. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் வளர்த்தேன். ஈரம் நின்றால் அதற்குப் பிடிக்காது, வெயில் மட்டும் நாள் முழுக்க வேண்டும். ஐப்பசியில் பொழுது குறுகத் தொடங்கியதும் நுனியெல்லாம் பச்சையாகக் கட்டி கட்டியாக மொட்டு வைத்தது. தொட்டால் விரல் பிசுபிசுத்தது. செண்டுமல்லி இப்படியா மொட்டு வைக்கும் என்று எனக்கே சந்தேகம். ஆனாலும் அவளுக்கு முன்னால் என் செடி பூக்க வேண்டும். எனக்கு அது போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை என் சின்ன மாப்பிள்ளை வந்தார். ரோஜா வளர்க்கிற பசுமைக்குடிலில் சூப்பர்வைசர். செடியைப் பற்றித் தெரிந்தவர் மெச்சட்டும் என்று அவருக்கு மட்டும் காட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அத்தை, எங்கிருந்து கொண்டாந்தீங்க இதை?"

"ஏங்க மாப்பிள்ளை, நல்ல ஜாதி இல்லையா?"

"ஜாதியெல்லாம் நல்ல ஜாதிதான். இது ஹைபிரிட்டு. ஒசரமும் ஒல்லி எலையும் சாடிவாங்கற வகை. மொட்டு இப்பிடி நெருக்கமா வக்கிறது வேற வகை. ரெண்டையும் கலந்திருக்காங்க, சாடிவா தூக்கலா. ஆனா இது கஞ்சா, அத்தை. ஒரு செடி வச்சிருந்தாலும் போலீஸ் கேஸு. இப்பவே புடுங்குங்க."

பிடுங்கினேன். எங்கே போடுவது என்று தெரியாமல் கோணிப்பையில் சுருட்டி விறகுக்கு அடியில் தள்ளினேன். ஓரகத்தி வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? ஞாயிற்றுக்கிழமை அவள் பேத்தியைப் பெண் பார்க்கத் தேன்கனிக்கோட்டையிலிருந்து வருகிறார்கள். பையனின் தாய்மாமன் போலீஸில் ஏட்டு. அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பீற்றியவள் அவள்தான். ஏட்டு நாற்காலியை விட்டு எழுந்து அந்தச் செடிக்குப் பக்கத்தில் போய் நிற்பது என் கண்ணில் ஓடியது. சனிக்கிழமை முழுக்க அதை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனித்தது என்று சொல்ல இப்போது வாய் கூசுகிறது. ஆனால் இனித்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு டிரம்மை இழுக்கிற சத்தம். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று செடியை வாசல் கேட்டுக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது. டிரம்மில் பெரிய கறுப்புப் பொட்டு. என் கண் பட்டுவிடக் கூடாது என்று வைத்தது, அது எனக்குத் தெரியாதா? பக்கத்தில் பேத்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தோளில் போட்டு வளர்த்த பிள்ளையின் பெண். சட்டென்று என் சனிக்கிழமையெல்லாம் கசந்துபோனது.

ஓடினேன். "அது கஞ்சா, புடுங்கிப் போடு" என்றேன்.

அவள் இடுப்பில் கை வைத்தாள். "ஹொட்டெகிச்சு" என்றாள். அவள் ஆனேக்கல் பக்கத்துப் பெண், கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். வயிற்றெரிச்சலைத்தான் அப்படிச் சொல்வார்கள். "நல்ல நாள் அதுவுமா உங்களுக்குப் பொறுக்கலையாக்கா?"

சத்தியம் செய்தேன், நம்பவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. கொட்டகைக்குப் போய்க் கோணிப்பையை எடுத்து வந்து அவள் காலடியில் உதறினேன்.

"உன் செடியில கீழேயிருந்து மூணாவது கெளை, சாய்வா வெட்டின தழும்பு இருக்கும் பாரு. அது நான்தான். மாப்பிள்ளை பாத்துச் சொன்னாரு. நான் புடுங்கிட்டேன். ரெண்டு நாளாச்சு."

குனிந்து தழும்பைத் தடவிப் பார்த்தாள். "எலி கடிச்சுதுன்னு மருந்து வச்சேனே. அந்த எலி நீங்கதானா?" பிறகு மெதுவாக, "ரெண்டு நாளாவா?" என்றாள்.

தலையைக் குனிந்தேன். எழுபத்திரண்டு வயசில் முதல் தடவை.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்மைச் சாய்த்தாள். ரெண்டு பேருமாக அவள் செடியை வேரோடு பிடுங்கி, வெட்டி, ரெண்டு செடியையும் எருக்குழியில் போட்டு மிதித்து மண்ணைத் தள்ளினோம். கை கழுவக் கழுவ வாசனை போகவில்லை. கேட்டு வெறிச்சென்று இருந்தது. என் செவந்தித் தொட்டிகளில் நல்லதாக நாலைத் தூக்கிக்கொண்டு வந்து நானே வைத்தேன்.

பத்தரைக்கு வந்தார்கள். ஏட்டு கேட்டில் நின்று, "செவந்தி ஜோரா இருக்குதே, யாரு வளத்தது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுதுதாங்க" என்றாள் ஓரகத்தி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

வாயைத் திறக்க முடியுமா என்னால்? காபி தம்ளரைப் பிடித்தபடி நின்றேன். தையில் கல்யாணம் நடந்தது. ஏட்டு வரும்போதெல்லாம் அவளிடம்தான் செவந்தி நாற்று கேட்கிறார். அவளும் என்னிடம் வாங்கித்தான் கொடுக்கிறாள்.

கையெழுத்து போடுவேன், இவ்வளவு எழுத எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல என் மகன் வயிற்றுப் பேத்திதான் எழுதினாள். ஏம்மா கண்ணு, அந்த நாலு தொட்டியும் என்னோடதுன்னு நல்லாப் புரியற மாதிரி எழுதியிருக்கியா? எங்க, முதல்லயிருந்து படி, கேக்கறேன்.