அக்கா ஒட்டிய அம்புகள்

நான் முதன்முதலில் படித்த நாவல்கள் எல்லாவற்றிலும் ஓரத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நெல்மணி அளவு. ஒட்டியது என் அக்கா.

நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர்கள். லைன் வீட்டில் ஒரே அறை. அக்கா பத்தாம் வகுப்போடு நின்று பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். கிளை நூலகத்தின் அட்டை அவள் பெயரில் இருந்தது. ஞாயிறன்று எடுக்கும் புத்தகத்தைக் கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் படிப்பாள். முடித்தால் எனக்கு. நான் அப்போது ஏழாம் வகுப்பு.

அம்பு காட்டும் வரி நல்ல வரி என்று நானாக எடுத்துக்கொண்டேன். அம்பு வரும்வரை வேகமாகப் படிப்பேன். வந்ததும் நின்று, அந்த வரியை நோட்டில் எழுதிக்கொள்வேன். பசியிலும் புன்னகைக்கும் ஏழைத் தாய், இயந்திரத்தின் ஓசை சங்கீதமாகக் கேட்கும் தொழிலாளி என்று நோட்டு நிறைந்தது. அந்தத் தாயை வைத்து எழுதிய கட்டுரைக்குப் பள்ளியில் பரிசும் கிடைத்தது. நூலகத்து அம்மா ஒருமுறை, "ஏங்கண்ணு, லைப்ரரி புக்குல இதெல்லாம் ஒட்டலாமுங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து திருப்பிக் கொடுக்கும் முன் அம்புகளை நகத்தால் உரித்துவிடுவேன். பசை மட்டும் காகிதத்தில் நிற்கும்.

பிளஸ் டூ முடிந்த விடுமுறையில் அதே கம்பெனிக்கு, தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டப் போனேன். எதிர் மேசையில் அக்கா. டி-ஷர்ட்டை விரித்து, திருப்பி, எண்ணெய்க் கறையிலும் விட்டுப்போன தையலிலும் அதே சிவப்பு அம்பை ஒட்டித் தள்ளிவைத்தாள். குறையில்லாத பீஸ் எதுவும் ஒட்டாமல் பேக்கிங்குக்குப் போனது.

புத்தகத்தில் ஒட்டியதும் இதற்குத்தானா என்று சாயங்காலம் வேனில் கேட்டேன். அக்கா சிரித்தாள்.

"ஏட்டி, நல்ல பீஸ்ல எவளாவது அம்பு ஒட்டுவாளா? பசியில சிரிச்சாளாம்ல அந்த அம்மா. நம்ம அம்மா பசியில சிரிச்சுப் பாத்திருக்கியா நீ?"

பக்கத்து சீட்டுக்காரி விடவில்லை. "அப்ப உன் தங்கச்சி டேமேஜ் பூராத்தையும் மனப்பாடம் பண்ணிப் பரிசு வாங்கிட்டான்னு சொல்லு."

நூலகத்துக்குப் போய், பசைத் தடம் இருந்த பக்கங்களை மறுபடி படித்தேன். ஓர் அம்புகூடத் தவறில்லை. இப்போது இதழியல் படிக்கிறேன். பயிற்சிக்குப் போன நாளிதழில் உதவி ஆசிரியர் என் செய்திகளில் அடித்துத் தள்ளியவை பெரும்பாலும் அந்த ரக வரிகள்தான்.

ஆனால் அதற்குள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் வழக்கமாகிவிட்டது. வேனில் ஏறியதும் அக்கா தூங்கிவிடுவாள். ஒரு நாவலில் அம்புகள் அறுபதாம் பக்கத்தோடு நின்றன. அடுத்ததில் பத்தொன்பதோடு. அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. புத்தகத்தில் குறையே இல்லையா என்று கேட்டேன்.

"எங்க விட்டேன்னே தெரியலட்டி. முதல்லருந்து ஆரம்பிக்கணும்" என்றாள். ஆரம்பிக்கவில்லை. அட்டையைப் புதுப்பிக்கவும் இல்லை.

அவளை மறுபடி படிக்கவைக்க எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. கல்லூரி மலரில் வாசிப்பைப் பற்றிக் கட்டுரை கேட்டபோது, அந்த அம்புகளைப் பற்றி எழுதினேன். அச்சாகி வந்த பிரதியை அப்படியே அவளிடம் கொடுத்து, செக் பண்ணித் தரச் சொன்னேன். சரி என்று டிபன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து மலர் அலமாரியில் இருந்தது. வெளி ஓரங்களைப் புரட்டிப் பார்த்தேன். எங்கும் அம்பு இல்லை. குறையில்லாத பீஸ் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு அரை நிமிடம் இருந்திருக்கும்.

என் கட்டுரையைத் திறக்கப் போனபோது தாள் பிரியவில்லை. பைண்டிங்கில் அந்த இடம் சரியாக வெட்டுப்படாமல், மேல் ஓரத்தில் இரண்டு தாள்கள் மடிப்போடு சேர்ந்தபடியே இருந்தன. உள்ளே யாரும் போயிருக்க முடியாது.

அக்கா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்து மடிப்பை அறுத்தேன். மலரை எடுத்த இடத்திலேயே வைத்தேன். அங்கேதான் இருக்கிறது.